மாஜி: ஒரு சொல்லின் இரண்டு முகங்கள்



ஜனவரி 6ஆம் திகதி இத்தாலியில் விடுமுறை. 1977இல் நீக்கப்பட்ட இவ்விடுமுறை 1985இல் மீண்டும் வழங்கப்பட்டது. அன்று நினைவுகூரப்படுபவர்கள் ‘ரே மாஜி’; நாங்கள் மூன்று இராசாக்கள் என்போம். ஆனால் மத்தேயு நற்செய்தி அவர்களை அரசர்கள் என்றோ மூவர் என்றோ சொல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்த ‘மாகோய்’ என்று மட்டுமே கிரேக்க மூலம் கூறுகிறது.

எங்கள் பிள்ளைகள் இங்கே பாடசாலையில் ‘மாகோ’ என்றால் மந்திரவாதி என்று படிக்கிறார்கள். “அப்படியானால் பாலன் யேசுவைப் பார்க்க மந்திரவாதிகளா வந்தவை?” என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

இச்சொல் பழைய பாரசீகத்தில் ‘மகுஷ்’. கி.மு. 520 அளவில் தாரியஸ் மன்னன் பெகிஸ்தூன் பாறையில் பொறித்த கல்வெட்டிலேயே இது உண்டு. இவர்கள் மேதியரின் ஆறு குலங்களில் ஒன்று என்றும், இவர்கள் இல்லாமல் பாரசீகர் பலி செலுத்துவதில்லை என்றும் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். சொந்த நாட்டில் பூசகர். கிரேக்கரின் வாயிலோ மெல்ல மெல்ல மாயவித்தைக்காரர். ‘மாஜிக்’ என்ற சொல் பிறந்தது அப்படித்தான்.

இந்த இரண்டு பொருளையும் எங்கள் பலெர்மோவில் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பல்லாரோ சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நோர்மானியர் அரண்மனை இருக்கிறது. அதனுள்ளே இரண்டாம் ருஜ்ஜேரோ மன்னன் 12ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த பலாத்தீனா சிற்றாலயத்தில், கிறிஸ்து பிறப்புச் சித்திரத்தில் மாஜிகள் காணிக்கையோடு வருகிறார்கள். பக்கச் சுவரிலோ பேதுருவையும் பவுலையும் எதிர்த்த ‘சீமோன் மாகுஸ்’ வானிலிருந்து தலைகீழாக விழுகிறான். இருவருக்கும் பெயர் ஒன்றுதான்!

எங்கள் பழைய தமிழ் வேதாகமம் இவர்களைப் பிரித்துவிட்டது. முன்னவர் ‘சாஸ்திரிகள்’, சீமோன் ‘மாயவித்தைக்காரன்’. யாழ்ப்பாணத்தில் சாத்திரம் பார்ப்பவரை நினைத்துக்கொண்டால் முதற்சொல்லின் பொருத்தம் விளங்கும்: நட்சத்திரம் பார்த்து வந்தவர்கள் அல்லவா!

ஈரானிலிருந்து குஜராத்தில் அடைக்கலம் புகுந்த பார்சி மக்கள் தங்கள் குருவை இன்றும் ‘மோபெத்’ என்கிறார்கள். மாகிகளின் தலைவர் என்ற பழஞ்சொல்லின் திரிபு அது. ஊர் மாறியும் அவர்களிடம் அச்சொல்லின் மதிப்புக் குறையவில்லை.

எங்கள் குருக்களையும் பூசகரையும் மந்திரத்தையும் இத்தாலிய மொழியில் விளக்கப்போகிறவர்கள் எங்கள் பிள்ளைகளே. ‘மாகோ’ என்ற ஒற்றைச் சொல்லால் அவர்கள் அதைச் சொல்லி முடிக்காதிருக்க, இந்த வரலாற்றை வீட்டில் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.