வரும், முடியும், மாட்டேன்

சின்னசேலத்தைச் சுற்றிய காடுகளில் மரவள்ளி பிடுங்கப் போகும் பெண்களிடம் கரும்பு வெட்டக் கூப்பிட்டால், "அது எனக்கு வராதுங்க" என்பார்கள். பொழுது சாய்ந்தும் வேலை மிச்சமிருந்தால், "இதுக்குமேல என்னால ஆவாது". மறுநாள் வரவில்லையென்றால், "உடம்புக்கு முடியல". பழகாதது, தெம்பு தீர்ந்தது, நோய் என்று மூன்று இயலாமைக்கும் மூன்று சொல். இந்த ஊர்ப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இலக்கணப் புத்தகத்தைவிட இந்தப் பேச்சுதான் பெரிய பாடம்.

மூன்றிலும் ஆள் எழுவாயாக நிற்பதில்லை. 'நான் முடிவேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'என்னால் முடியும்', 'எனக்கு வரும்' என்கிறோம். வருவதும் முடிவதும் ஆவதும் வேலைதான்.

பழந்தமிழில் வேறு வழியும் இருந்தது. வல்லேன், வல்லை, வல்லார் என்று ஆற்றல் ஆளோடு ஒட்டி நின்றது. கன்னடத்தில் அது 'பல்ல' என்று இன்றும் புழங்குகிறது. நம்மிடம் பெரும்பாலும் 'வல்லவன்' போன்ற பெயர்களில் தங்கிவிட்டது. தேவாரக் காலத்து 'மாட்டேன்' 'எனக்கு இயலாது' என்று கையறுநிலையைச் சொன்னது. இன்றோ அது மறுப்பு. பிள்ளைகள் பதிகத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் அடியார் பிடிவாதம் பிடிப்பதாகவே நினைக்கிறார்கள். அந்த இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் சரி.

தீர்ந்துபோவதைக் குறித்த 'முடி' மெல்ல இயலுதலைச் சொல்லும் இடத்துக்கு வந்தது. மலையாளத்தில் 'கழியும்' வந்ததும் இதே வழியில்தான். 'செய்யலாம்' என்பதும் 'செய்யல் ஆம்', அதாவது செய்தல் ஆகும் என்பதன் குறுக்கம். ஈழத்தார் 'ஏலும், ஏலாது' என்கிறார்கள்.

இதே போக்கை ஜப்பானிய மொழியில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே 'முடியும்' என்பதற்கு 'தெகிரு'. அதன் பழைய வடிவம் 'இதெகு'. வெளியே வருதல் என்று பொருள். எங்கள் பெண்கள் சொல்லும் 'வரும்' அல்லவா அது! 8-ஆம் நூற்றாண்டின் மன்யோஷூ தொகைநூலில் 'நெராயெனு' என்று வருகிறது: உறக்கம் கொள்ள முடியவில்லை. தானாக நிகழ்வதைச் சொன்ன விகுதியே அங்கே இயலுதலையும் சொன்னது. அடுத்து வந்த ஹெய்யான் காலத்தில் அதன் இடத்தில் 'ரு, ராரு' வந்த பின்னும் இயலும் பொருளில் பெரும்பாலும் எதிர்மறையோடுதான் வந்தது. முடியாதபோதுதானே மனிதர் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 'யொமெரு', வாசிக்க முடியும், போன்ற தனி வினைகள் பின்னர் முளைவிட்டு எடோ (Edo) காலத்தில் பரவின.

இதை வைத்து இரு மொழிக்கும் உறவு கொண்டாட நான் வரவில்லை. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்களான சண்முகதாஸ் இணையர் அவரோடு உழைத்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவில்லாமலே இரு மக்கள் ஒரே தடத்தில் நடந்திருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஜப்பானில் இன்று 'மிராரெரு', பார்க்க முடியும், என்பதை இளையோர் 'மிரெரு' என்று சுருக்குகிறார்கள், பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். என் மாணவர்கள் 'முடியல' என்பதை 'முடில' என்று எழுதுகிறார்கள். விடைத்தாளில் அதைத் திருத்துகிறேன். எந்த வருஷம், எந்த வகுப்பில் வந்தது என்று என் குறிப்பேட்டில் எழுதியும் வைக்கிறேன்.