ஆறு யூனிட் தூரம்

2018 அக்டோபர் கடைசியில் ஆல்டா மோட்டார்ஸ் கடையை மூடியது. சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய பிரிஸ்பேன் என்ற சின்ன ஊரில் இருந்த கம்பெனி. மின்சாரத்தில் ஓடும் டர்ட் பைக் செய்துகொண்டிருந்தார்கள். அதே வருடம் மார்ச்சில்தான் ஹார்லி டேவிட்சன் அதில் முதலீடு செய்திருந்தது. அதற்கு முன்பே மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பென்னிங்கும் பணம் போட்டிருந்தார்கள். டெஸ்லாவைத் தொடங்கியவர்கள். (டெஸ்லா என்றதும் நமக்கு வேறொரு பெயர்தான் நினைவுக்கு வரும். 2003இல் கம்பெனியைத் தொடங்கியவர்கள் இந்த இருவர்.) பணம் இருந்தது, பெயர் இருந்தது, ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறமும் ஏன் மூடினார்கள் என்று தேடப் போய்த்தான் நான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். மின்சார இருசக்கர வண்டி செய்ய நினைப்பவர் ஏன் மண்ணில் ஓடும் பைக்கில் ஆரம்பிக்க வேண்டும்? ரோட்டில்தானே ஆட்கள் அதிகம்? காரணம் எளிது. ரோட்டில் போகிறவர் "எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்றுதான் முதலில் கேட்பார். மோட்டோகிராஸ் ஓட்டுபவரின் கேள்வி அதுவல்ல. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பந்தயம் 30 நிமிடம், அதற்கு மேல் இரண்டு சுற்று. அவ்வளவுதான். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் வட்டப் பாதை. பேட்டரி தீர்ந்தாலும் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு பொறியாளரின் கண்ணுக்கு இதைவிட வசதியான முதல் சந்தை கிடையாது.

அதைவிடப் பெரிய காரணம் சத்தம். அது புரிய கலிஃபோர்னியாவின் எழுபதுகளுக்குப் போக வேண்டும்.

1971இல் 'ஆன் எனி சண்டே' என்ற ஆவணப்படம் வந்தது. பைக் ஓட்டுவதை ரௌடித்தனமாகப் பார்த்த அமெரிக்கக் குடும்பங்கள் அதை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகப் பார்க்க ஆரம்பித்ததில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு. ஜப்பானிய கம்பெனிகளின் சின்ன, மலிவான டூ ஸ்ட்ரோக் பைக்குகளும் அதே நேரத்தில் வந்து இறங்கின. 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்துக்குள்ளேயே மண்ணைக் கொட்டிப் பந்தயம் நடத்தினார்கள். அதே 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் 11644 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். அரசு நிலங்களில் இந்த வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கச் சொன்னது அது. மண்ணுக்கும் விலங்குகளுக்கும் ஆகும் சேதத்தோடு, சத்தத்தையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. ஆக, விளையாட்டு ஊருக்குள் வந்த வருடமே அதற்கு வேலி போடும் வேலையும் தொடங்கிவிட்டது.

பிறகு வேலி நெருங்கிக்கொண்டே வந்தது. நகரங்கள் விரிந்தன. ஆரஞ்சு கவுண்டியின் புகழ்பெற்ற சாடில்பேக் பார்க் 1984இல் மூடப்பட்டது. பல வருடங்கள் அமெரிக்க கிராண்ட் ப்ரீ நடந்த கார்ல்ஸ்பாட் 2004இல் போனது. மூடியதற்கெல்லாம் சத்தம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நிலத்தின் விலைக்கு முன்னால் எந்த விளையாட்டும் நிற்காது. ஆனால் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தவர் முதலில் புகார் செய்வது சத்தத்தைப் பற்றித்தான். தூசி காற்று வீசும் திசையில்தான் போகும். டூ ஸ்ட்ரோக்கின் கிறீச்சல் எல்லாத் திசையிலும் போகும்.

இங்கேதான் மின்சார டர்ட் பைக் ஒரு வாக்குறுதியாக வருகிறது. சத்தம் போனால் நிலம் திரும்பக் கிடைக்கும். ஊருக்குப் பக்கத்திலேயே தடம் போடலாம். சிறுவன் ஸ்கூல் விட்டு வந்து ஓட்டலாம்.

இதை முதலில் பெரிதாகப் பிடித்தவர்களில் ஒருவர் நீல் சாய்கி. நாசாவில் வேலை பார்த்த பொறியாளர். 2006இல் சாண்டா குரூஸில் எலக்ட்ரிகிராஸ் என்று தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஜீரோ மோட்டார்சைக்கிள்ஸ் ஆனது. அவர்களின் ஜீரோ எக்ஸ், மலைச் சைக்கிளுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. 2009இல் சான் ஹோசேயில் 24 மணி நேரப் பந்தயமே நடத்தினார்கள், பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டு. அப்புறம் ஜீரோ மெல்ல ரோடு பைக் பக்கம் திரும்பிவிட்டது. ஆஸ்திரியாவின் கேடிஎம் 2010 வாக்கில் காட்ட ஆரம்பித்த ஃப்ரீரைடு ஈ, சில வருடங்கள் கழித்துத்தான் கடைக்கு வந்தது. நல்ல வண்டி, ஆனால் பந்தய வண்டி இல்லை. கேடிஎம்மே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆல்டாவின் துணிச்சல் இங்கேதான். ரெட்ஷிஃப்ட் என்ற அவர்களின் பைக், 250 சிசி பெட்ரோல் பைக்கோடு நேருக்கு நேர் மோதச் செய்யப்பட்டது. 40 குதிரைத்திறன், கியரும் கிளட்சும் கிடையாது, 5.8 கிலோவாட் மணி பேட்டரி. இந்தக் கிலோவாட் மணி என்பது வேறொன்றுமில்லை, நம் வீட்டு கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான். ஏறத்தாழ ஆறு யூனிட். 2016இல் போமோனாவில் நடந்த ஸ்ட்ரெய்ட் ரிதம் போட்டியில் ஜாஷ் ஹில் இந்த பைக்கை ஓட்டினார். திருப்பங்களே இல்லாத, அரை மைல் நீள நேர்த்தடம், வரிசையாக மேடுகள். பெட்ரோல் பைக்குகளின் இரைச்சலுக்கு நடுவே செயின் ஓடும் ஓசையும் மோட்டாரின் மெல்லிய விசிலும் மட்டும். ஆனால் கவனியுங்கள், ஒரு ஓட்டம் ஒரு நிமிடம்கூட இல்லை. பேட்டரிக்கு அங்கே சோதனையே வைக்கப்படவில்லை.

உண்மையான சோதனை கணக்கில் இருக்கிறது. ஒரு மோட்டோகிராஸ் பைக்கின் டேங்கில் 7 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும் என்று வைப்போம். லிட்டருக்கு சுமார் 9 யூனிட் ஆற்றல், ஆக 63 யூனிட். இன்ஜின் அதில் முக்கால் பங்கைச் சூடாக வெளியே விட்டுவிடும். சக்கரத்துக்குப் போவது 15 யூனிட் என்று தாராளமாகச் சொல்லலாம். மின் மோட்டார் அப்படி வீணாக்காது, பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குத் தரும். ஆனால் ஆறு யூனிட்டில் பத்தில் ஒன்பது பங்கு என்றாலும் ஐந்தரைக்குக் கீழேதான். அதாவது பெட்ரோல்காரன் டேங்கில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழிக்கும்போது நம் ஆள் தீர்ந்துபோய் நிற்பார். அந்த 7 லிட்டரின் எடை சுமார் 5 கிலோ, ஓட ஓடக் குறையும். பேட்டரி 30 கிலோவைத் தொடும், தீர்ந்த பிறகும் அதே 30 கிலோ.

மண் இதை இன்னும் மோசமாக்கும். ரோட்டில் உருளும் சக்கரத்துக்கும் ஆழ மணலை உழுதுகொண்டு போகும் சக்கரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மணலில் மோட்டார் முழு மூச்சில் இழுக்கும், மின்னோட்டம் எகிறும், பேட்டரி சூடாகும். சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் கட்டுப்பாட்டு மென்பொருள் தானாகச் சக்தியைக் குறைக்கும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஓட்டுபவருக்கு, மேட்டில் ஏறும் நேரத்தில் வண்டி கைவிட்டதுபோல இருக்கும். அப்புறம் சார்ஜ். பாலைவனத்துக்கு வார இறுதியில் போகிறவர் எங்கே போய்ச் செருகுவார்? வேனில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு போவார். சத்தமில்லாத பைக்குக்காக நாள் முழுக்கச் சத்தம் போடும் ஒரு பெட்டி!

ஆல்டாவை வீழ்த்தியது இந்தக் கணக்கு மட்டும் இல்லை. முதலில் 15,000 டாலர் சொன்ன பைக்கை 2018இல் 10,500 டாலரைச் சுற்றி இறக்கினார்கள். பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் தாங்களே வடிவமைத்த கம்பெனி அது. தரம் அங்கிருந்து வந்தது, செலவும் அங்கிருந்தே வந்தது. ஆயிரங்களில் விற்கும் பொருளுக்கு லட்சங்களில் விற்கும் பொருளின் ஆராய்ச்சிச் செலவு. பெரிய கை ஒன்று பிடித்துக்கொண்டால்தான் தப்பிக்க முடியும். ஹார்லி கையை விட்டது. 2019இல் கனடாவின் பிஆர்பி ஆல்டாவின் சொத்துகளில் சிலவற்றை வாங்கிக்கொண்டது.

அந்த இடத்தை 2021 டிசம்பரில் வேறொருவர் வந்து எடுத்துக்கொண்டார். பார்சிலோனாவில் ஸ்டார்க் ஃபியூச்சர் என்ற கம்பெனி வார்க் என்ற பைக்கை அறிமுகப்படுத்தியது. நிறுவனர் ஆண்டன் வாஸ் ஸ்வீடன்காரர். வார்க் என்றால் ஸ்வீடிஷில் ஓநாய். 80 குதிரைத்திறன், 110 கிலோ, 6.5 யூனிட். ஐந்து வருடத்துக்கு மேல் கடந்தும் பேட்டரியின் அளவு 5.8இலிருந்து 6.5க்குத்தான் வந்திருந்தது, பாருங்கள். மாறியது சக்தியும் எடையும். எனக்கு இதில் பிடித்தது அதன் மென்பொருள். கைப்பிடியில் ஒரு போன் இருக்கிறது. அதில் விரலால் தள்ளி 10 குதிரைத்திறனிலிருந்து 80 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இன்ஜின் பிரேக்கிங் எவ்வளவு வேண்டும் என்று சொல்லலாம். இல்லவே இல்லாத ஒரு ஃப்ளைவீல் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லலாம்! நூறு வருடமாக மெக்கானிக்குகள் இரும்பைக் கடைந்து செய்த வேலை, இங்கே ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. என் தொழில்காரனுக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் கர்வம், கொஞ்சம் பயம். பயம் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இவர்கள் எல்லாம் பந்தயத்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சீனாவின் சுங்கிங்கிலிருந்து ஒரு வண்டி பின்வாசல் வழியாக வந்தது. சர்ரான் லைட் பீ. 50 கிலோவை ஒட்டிய எடை, கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போய் சார்ஜ் போடக்கூடிய இரண்டு யூனிட் பேட்டரி, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம். விலை ஆல்டாவோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. பார்க்கச் சைக்கிள் மாதிரி, ஓட மோட்டார்சைக்கிள் மாதிரி. கலிஃபோர்னியா 2015இல் மின்சைக்கிள்களை மூன்று வகையாகப் பிரித்துச் சட்டம் போட்டது. மோட்டார் 750 வாட், உச்சமாக மணிக்கு 28 மைல். சர்ரான் அந்த எதிலும் அடங்காது. பதினைந்து வயதுப் பையன்களுக்கு அதுவா முக்கியம்? நடப்பவர்களுக்கான காட்டுப்பாதையிலும் நகரத்து நடைபாதையிலும் ஓட்டினார்கள். போலீஸ் பறிமுதல் செய்தது.

சத்தம் போனால் நிலம் திரும்பும் என்ற வாக்குறுதி இங்கே தலைகீழாகிறது. பெட்ரோல் பைக் அத்துமீறி உள்ளே வந்தால் ஒரு மைல் தூரத்திலேயே வனக்காவலருக்குத் தெரிந்துவிடும். சத்தம் தொல்லைதான், ஆனால் அதுவே காவலும். குதிரையில் வருபவருக்கும், குழந்தையோடு நடப்பவருக்கும் அது ஹாரன். அமெரிக்க வனத்துறை தன் பாதைகளில் இந்த வண்டிகளை மோட்டார் வாகனமாகவே வைத்திருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்கரம் மண்ணைக் கிளறுவதற்கு இன்ஜினா மோட்டாரா என்ற கணக்கு கிடையாது. அமைதியாகவும் மலைச்சரிவை அரித்துத் தள்ளலாம்.

அதே அமைதி வேறு கைகளில் வேறாகிறது. 2021இல் ஸ்வீடனின் கேக் கம்பெனி, தென்னாப்பிரிக்காவின் சதர்ன் ஆப்பிரிக்கன் வைல்ட்லைஃப் காலேஜோடு சேர்ந்து, வேட்டைத் திருடர்களைப் பிடிக்கும் ரேஞ்சர்களுக்காக ஒரு பைக் செய்தது. பெட்ரோல் பைக் வரும் சத்தம் கேட்டதும் திருடன் ஓடிவிடுவான். தவிர, அந்தக் காட்டுக்குப் பெட்ரோல் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். சூரியன் அங்கேயே இருக்கிறது. 2022இல் உக்ரைன் வீரர்கள் தங்கள் நாட்டில் தொடங்கிய டெல்ஃபாஸ்ட், எலீக் கம்பெனிகளின் மின்பைக்குகளில் டாங்க் எதிர்ப்பு ஏவுகணைகளைச் சுமந்து போனார்கள். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா இதை முன்பே யோசித்திருந்தது. அதன் பணத்தில் உருவான சைலன்ட்ஹாக் என்ற கலப்பின பைக்கின் அடித்தளம் வேறு எதுவுமில்லை, ஆல்டாவின் ரெட்ஷிஃப்ட்தான்.

இந்த மூன்று இடங்களிலும் யாரும் "எத்தனை கிலோமீட்டர்?" என்று முதலில் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். குறுகிய தூரம், தெரிந்த பாதை, திரும்பி வர ஒரு முகாம். ஆறு யூனிட்டுக்குள் அடங்கும் வேலைகள்.

இப்போது அந்தப் பயம். கேக் கம்பெனி 2024 பிப்ரவரியில் திவாலானது. ஆல்டா போய் வருடங்கள் ஆகிவிட்டன. எழுபதுகளின் யமஹா டூ ஸ்ட்ரோக் ஒன்று கலிஃபோர்னியாவில் யாரோ ஒருவர் ஷெட்டில் கிடந்தால், பிஸ்டன் ரிங் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, நாலு கிக் அடித்து இன்றைக்கும் கிளப்பிவிடலாம். கம்பெனியின் அனுமதி தேவையில்லை. ரெட்ஷிஃப்ட் வைத்திருப்பவருக்கு மோட்டார் நன்றாகத்தான் இருக்கும், அதில் தேய்வதற்கு என்ன இருக்கிறது? ஆனால் பேட்டரிக்குள் ஒரு செல் தொகுதி பலவீனமானால் கட்டுப்பாட்டுப் பலகை வண்டியை ஓட விடாது. அந்தப் பலகையோடு பேசும் மென்பொருளை எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகவே உரிமையாளர்கள் தங்களுக்குள் பாகங்களைத் தேடி வாங்குகிறார்கள், பழைய பேட்டரிகளைத் திறந்து பார்க்கிறார்கள், வயரில் ஓடும் செய்திகளைப் படித்து அந்த மொழியைப் புரிந்துகொள்ள முயல்கிறார்கள்.

2023 அக்டோபரில் ஜப்பானில், சைதாமாவில் நடந்த அகில ஜப்பான் மோட்டோகிராஸ் சுற்றில் ஹோண்டா தன் மின்சார சிஆர் முன்மாதிரியை இறக்கியது. ஓட்டியவர் அமெரிக்கரான ட்ரே கனார்ட். 2019இல் முதல்முறை காட்டிய வண்டி, நான்கு வருடம் கழித்துப் பந்தயத்துக்கு வந்தது. ஹோண்டாவுக்கு அவசரம் இல்லை.