ஒற்றியும் வில்லங்கமும்

கல்வெட்டுகளில் 'ஒற்றி' என்றும் ஊர்வழக்கில் 'ஒத்தி' என்றும் ஒரு சொல் உண்டு. கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டு, விளைச்சலை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பது அது. பத்திர மொழியில் 'போக்கியம்'. நிலம் உடையவரிடமே இருக்க, அதைப் பொறுப்பாகக் காட்டிப் பெறும் கடனை நாம் அடமானம் என்கிறோம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இவற்றை வகைப்படுத்திற்று. மூலப்பத்திரத்தை ஒப்படைத்துப் பெறும் கடன் நீங்கலாக, 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானத்திற்கு இரண்டு சாட்சிகளும் பதிவும் வேண்டும். பதிந்தவை சார்பதிவாளரின் முதற் புத்தகத்தில் ஏறும்; வில்லங்கச் சான்று அங்கிருந்தே பிறக்கிறது.

கட்டுவதில் இத்தனை கண்டிப்பு, அவிழ்ப்பதில் இல்லை. கடன் அடைந்தது என்று பத்திரத்தின் முதுகில் எழுதும் வரவுக் குறிப்பைப் பதிந்தாக வேண்டுமென்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கேட்பதில்லை. பதிவு செய்த ரசீதைக் கேட்டுப் பெறும் உரிமை கடனாளிக்கு உண்டு. பெறாதவர் வீட்டில், பேரன் நிலத்தை விற்கப்போகும் நாளில் பாட்டன் கடன் உயிர்பெற்று நிற்கும். கடன் தீர்ந்திருக்கும், வில்லங்கம் தீர்ந்திராது.

இவையெல்லாம் நிலம் உள்ளவர்களின் கவலைகள். செங்கற்பட்டில் நிலமே இல்லாதவர்கள் எதை ஈடு வைத்தார்கள்? மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கை இதற்கு விடை சொல்கிறது. சிறு தொகைக்காக மிராசுதாரிடம் படியாளாகக் கட்டுண்ட தலித் மக்கள், தங்கள் உழைப்பையே ஈடாக வைத்திருந்தார்கள். குடிசை நின்ற மனைகூட அவர்களுடையதன்று.

அதன் விளைவே 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை. தலித் மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் அவர்களுக்குள்ளேயே கைமாறலாம் என்பது நிபந்தனை. கடன் எந்த வாசல் வழியாக நிலத்தைக் கொண்டுபோகும் என்பதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆயினும் வாசல் அடைபடவில்லை. நிபந்தனை வருவாய்த்துறை ஏட்டில் இருந்தது. கிரயமும் அடமானமும் பதிவுத்துறை ஏட்டில் ஏறின. கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலையன்று. 2025-இலும் உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது. இரண்டு ஏடுகளும் பேசிக்கொள்ளாத இடைவெளியில் பஞ்சமி நிலம் கைமாறிப் போயிற்று.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில், அவ்வாறு போன நிலத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர்.

ஒற்றி வைத்த நிலம் எத்தனை காலமானாலும், பணம் தீரும்வரை மீட்கத்தக்கதே என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒற்றிக்குக் கிடைத்த அந்த நீண்ட நினைவு, 1892-இன் நிபந்தனைக்குக் கிடைக்கவில்லை. அந்த வில்லங்கம் எந்தச் சான்றிதழிலும் வராது. நாம்தான் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.