ஓர் ஆசிரியை தொடங்கிய வைத்தியம்

திருவனந்தபுரத்தில் பக்கவாதத்திலிருந்து தேறி வீடு திரும்பும் ஒருவருக்கு முண்டு கட்டுவதே பெரும்பாடு. ஒரு முனையை இடுப்பில் அழுத்திப் பிடித்து, மறு முனையை இழுத்துச் செருக இரண்டு கையும் வேண்டும். ஒரு கை ஒத்துழைக்காதவர் சுவரோடு இடுப்பை அழுத்தி அந்த முனையை நிறுத்தலாம். ஒட்டிக்கொள்ளும் வேட்டிக்கு மாறலாம். எது அவருக்குச் சரிவரும் என்று பார்த்துப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை. பிசியோதெரபி தோளின் அசைவையும் தசையின் வலுவையும் மீட்கிறது. மீண்டது பாதியானாலும் அதைக்கொண்டு குளிக்க, உடுக்க, சோறு பிசைந்து உண்ண, வேலைக்குப் போக வழி செய்வது ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி. நடைமுறையில் இரண்டும் அங்கங்கே கலக்கும். ஆனால் ஓ.டி. கேட்கும் முதல் கேள்வி வேறு: உங்கள் அன்றாடத்தில் எது நின்றுபோயிற்று?

அந்தக் கேள்வி மருத்துவர்களிடமிருந்து மட்டும் வந்ததல்ல. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் இதற்கென முதல் சங்கத்தைத் தொடங்கக் கூடிய ஆறு பேரில் மருத்துவர் ஒருவர்தான், மனநல மருத்துவர் வில்லியம் டன்டன். கூட்டம் நடந்த வீட்டின் உரிமையாளர் ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயும் பக்கவாதமும் கண்டு, கைவேலை செய்தே தன்னை மீட்டுக்கொண்டவர். சமூகப் பணியாளர் எலினார் கிளார்க் ஸ்லேகிளும் கைவினை கற்பித்த சூசன் ஜான்சனும் உடனிருந்தனர். இப்படிப் பலதுறை மனிதர்கள் கூடிப் பெற்ற பிள்ளை இத்தொழில் என்பதால்தான், ஓ.டி. தெரபிஸ்டுகள் யார் என்று மருத்துவமனைகள் இன்றும் குழம்புகின்றன. என் பார்வையில் அந்தக் கலப்பே இத்தொழிலின் பலம்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவரும் மருத்துவர் அல்ல. அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, விஷ்ணு நிம்ப்கரை மணந்து, 1930இல் கமலா நிம்ப்கராக இங்கே வாழவந்தவர் அவர். பம்பாயில் பள்ளி நடத்திய ஆசிரியை. நடுவயதில் அமெரிக்கா திரும்பி, பிலடெல்பியாவில் மாணவியாக உட்கார்ந்து ஓ.டி. கற்றார். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளி ஆசியாவிலேயே முதலாவது. 1952இல் அகில இந்திய ஓ.டி. சங்கமும் பிறந்தது. அதே ஆண்டு ஓ.டி.க்கான உலகக் கூட்டமைப்பு உருவானபோது, அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டான நாடு!

இத்தொழில் ஏன் தேவை என்பதை வேலூரைப் போலத் துலக்கிக் காட்டிய இடம் இல்லை. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. ஊனம் மறைந்ததால் பிச்சையும் விழவில்லை. அறுவைசிகிச்சை வெற்றி, ஆனால் வயிறு காலி. அதன் பிறகுதான் 1951இல் நோயாளிகள் தங்கித் தச்சும் பொம்மை செய்தலும் பழக ஒரு நிலையம் எழுந்தது. உணர்ச்சியற்ற விரலில் காயம் படாமல் கருவியைப் பிடிப்பதும் அங்கே ஒரு பாடம். செய்தவர்கள் எந்தப் பெயரில் செய்திருந்தாலும், அது ஓ.டி.யின் உயிரான வேலை.

சட்டம் மெல்லத்தான் வந்தது. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபியையும் ஆக்குபேஷனல் தெரபியையும் தனித்தனி இனங்களாக அட்டவணையில் வைத்திருக்கிறது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில், 1997இல் பேச்சு, செவித்திறனுக்காகத் தொடங்கிய நிஷ் நிறுவனத்தில் இப்போது ஓ.டி. பட்டப்படிப்பும் நடக்கிறது.

ஆனாலும் பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித்தரும் சீட்டில் பிசியோதெரபி இருக்கும், ஓ.டி. பல சமயம் இருக்காது. வீட்டார்தான் கேட்க வேண்டும்: “இவர் இனி எப்படிக் குளிப்பார், எந்தக் கையால் சாப்பிடுவார், இதை யார் சொல்லித் தருவார்கள், டாக்டர்?”