பாக்கெட் இல்லாத காலத்து பொம்மைகள்

ஆணி புடுங்கறதுக்காக ஆறு மாசம் என்னை டோக்கியோ அனுப்பிச்சாங்க. கூட வந்த மக்கள் எல்லாம் கேமரா, வாட்ச்னு வாங்கிக் குவிச்சப்போ நான் ஒரு எலி வாங்கினேன். உயிருள்ள எலி இல்லைங்க. கட்டைவிரல் நீளத்துல, பழுப்பேறின வெள்ளை நிறத்துல, வாலை உடம்போட சுருட்டிக்கிட்டு எதையோ கொறிச்சிட்டு இருக்கற எலி. ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தையில 4,000 யென். "தந்தம், ரொம்பப் பழசு" என்று விற்றவர் சொன்னது வரைக்கும் என் அரைகுறை ஜப்பானிய மொழிக்குப் புரிஞ்சது. அதோட வயித்துல ரெண்டு ஓட்டை இருந்துச்சு. எதுக்குன்னு தெரியல. அந்த ஓட்டைக்கு விடை தேடப் போனதுதான் இந்தப் பதிவு.

அந்த எலிக்குப் பேர் நெட்சுகே. எழுத்துல அப்படி, ஆனா பேசும்போது நடுவுல இருக்கற உகரத்தை முழுங்கிட்டு 'நெட்ஸ்கே' என்பார்கள். எதுக்கு இது? கிமோனோவுக்கு பாக்கெட் கிடையாது, அதான் காரணம். கைப்பகுதியில கொஞ்சம் போட்டுக்கலாம், ஆனா கனமா எதுவும் வைக்க முடியாது. நம்ம பாட்டிங்க சுருக்குப்பையை இடுப்புல செருகின மாதிரி ஜப்பான் ஆம்பளைங்க புகையிலைப் பை, சுங்கான் உறை, மருந்து வைக்கற 'இன்ரோ' என்கிற அடுக்குப் பெட்டி எல்லாத்தையும் ஒரு கயித்துல கட்டி, அந்தக் கயித்தை 'ஓபி' என்கிற இடுப்புப் பட்டைக்கு அடியில நுழைச்சு மேல எடுத்து விட்டாங்க. மேல் நுனியில ஏதாவது தடுப்பு இல்லைன்னா எல்லாம் நழுவிக் கீழ விழுந்துரும் இல்லையா? அந்தத் தடுப்புதான் நெட்சுகே. கயிறு போகத்தான் அந்த ரெண்டு ஓட்டை. நல்ல பழைய சாமான் பலதுல ஒரு ஓட்டை பெருசா இருக்கும், முடிச்சு அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறதுக்கு.

இந்த ஒரே வேலைதான் அதோட உருவத்தையே முடிவு பண்ணியிருக்கு. கூரா எதுவும் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, துணியில மாட்டும், இல்லைன்னா உடையும். அதனாலதான் எலி வாலைச் சுருட்டுது, மாடு காலை மடிச்சுப் படுக்குது. இடுப்புல தொங்கி உருள்ற சாமான் என்பதால் முதுகு, அடிவயிறு எல்லாப் பக்கமும் செதுக்கணும். 'ரெக்வயர்மெண்ட்' கண்டிப்பா இருந்தா டிசைன் எவ்வளவு அழகா வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் நான் பார்த்ததில்லை (மேனேஜர் படிச்சா சந்தோஷப்படுவார்).

எடோ காலம் என்று சொல்லப்படும் 1603 முதல் 1868 வரைதான் இதுக்குப் பொற்காலம். பணம் சேர்ந்த வியாபாரிங்க இருந்தாங்க, ஆனா ஆடம்பரமா உடுத்தக் கூடாதுன்னு அரசாங்கம் அடிக்கடி ஆணை போட்டுக்கிட்டே இருந்துச்சு. துணியில காட்ட முடியாத பவுசை இடுப்புல தொங்கற சின்ன சாமான்ல காட்டினாங்க. ராசி மிருகங்கள், குண்டு வயித்து சாமிகள், பேய்க்கதைகள், கையில சேவலோட நிக்கற டச்சுக்காரர் கேலிச்சித்திரம் என்று எதையும் விடலை. முக்கால்வாசிப் பேர் நினைக்கற மாதிரி எல்லாமே தந்தம் கிடையாது. மரத்துல நிறைய, அப்புறம் மான் கொம்பு, காட்டுப்பன்றிக் கோரைப்பல், கொட்டை ஓடு கூட உண்டு. தந்தம் ஜப்பான்ல விளையற பொருள் இல்லை, நாகசாகி துறைமுகம் வழியா சீன, டச்சு வியாபாரிங்க கொண்டு வந்தது. விலை அதிகம். ஷாமிசென் என்கிற நரம்பு வாத்தியத்தை மீட்டற பெரிய தகட்டுக்குத் தந்தத்தை வெட்டினது போக மிஞ்சின முக்கோணத் துண்டுகள்ல நெட்சுகே செதுக்கியிருக்காங்க. சில பழைய பொம்மைகள் ஏன் முக்கோணமா இருக்குன்னா காரணம் கலை இல்லை, மிச்சம்!

1781-ல ஒசாகாவுல இனாபா த்சூர்யூ என்று ஒரு வாள் உபகரண வியாபாரி 'சோக்கென் கிஷோ' என்று ஏழு பாகத்துல ஒரு புத்தகம் போட்டார். கடைசி பாகத்துல ஐம்பதுக்கும் மேற்பட்ட நெட்சுகே சிற்பிகளைப் பட்டியல் போட்டிருக்கார். இவங்களைப் பத்தின முதல் எழுத்துப் பதிவே அதுதான். அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், கியோட்டோவின் தோமோதாதா செதுக்கற மாடுகளுக்கு ஏகப்பட்ட நகல் வருதுன்னு அப்பவே எழுதியிருக்கறது. அதாவது வெள்ளைக்காரன் ஒருத்தன் கூட சேகரிக்க ஆரம்பிக்காத காலத்துலயே டூப்ளிகேட் இருந்திருக்கு. யோஷிமுரா ஷூசான் கதை இன்னும் மோசம். அந்த மனுஷன் மரத்துல செதுக்கி வண்ணம் தீட்டுவார், கையெழுத்தே போட மாட்டார். விளைவு, வண்ணம் பூசின பழைய மர பொம்மை எது கிடைச்சாலும் அது ஷூசான்தான்!

1868-ல மெய்ஜி ஆட்சி வந்துச்சு. 1871-ல உச்சிக்குடுமியை வெட்டிக்கலாம்னு ஆணை, 1876-ல வாள் வைத்துக்கொள்ளத் தடை. கோட்டு சூட்டு வந்துச்சு, அதோட பாக்கெட்டும் வந்துச்சு. சுங்கான் போய் சிகரெட் வந்துச்சு. ஒரு தலைமுறைக்குள்ள நெட்சுகேவுக்கு வேலை போயிருச்சு. வீட்டு அலமாரியில கிடந்ததை எல்லாம் வித்தாங்க. வாங்கினது யாருன்னா பாரிஸும் லண்டனும். மாட்டிக்கிறவன் நிறுத்தின அதே நேரத்துலதான் சேர்க்கறவன் ஆரம்பிக்கிறான். வெளிநாட்டுக்காரங்களுக்கு தந்தம்தான் வேணும்னு தெரிஞ்சதும் கயிறே கோக்க முடியாத, கையும் காலும் நீட்டின அலங்கார தந்த பொம்மைகளையும் செதுக்கித் தள்ளினாங்க. பார்க்கப் பிரமாதமா இருக்கும். எனக்கென்னவோ பிடிக்கலை.

அப்படி பாரிஸுக்குப் போன ஒரு கும்பலோட கதையைச் சொல்லியே ஆகணும். 1870களில் சார்ல்ஸ் எஃப்ரூஸி என்கிற யூதப் பணக்காரர் சிஷெல் என்ற வியாபாரிகிட்ட 264 நெட்சுகேவை மொத்தமா வாங்கினார். (ரெனுவாரோட படகு விருந்து ஓவியத்துல பின்னாடி உயரத் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கறாரே, அவரேதான்.) 1899-ல வியன்னாவில் இருந்த தம்பி முறை விக்டருக்கு அதைக் கல்யாணப் பரிசா கொடுத்துட்டார். வியன்னா மாளிகையில விக்டரின் மனைவி எம்மி உடை மாத்தற அறையில கண்ணாடி அலமாரி. அம்மாவுக்கு வேலைக்காரி அன்னா அலங்காரம் பண்ணிவிடும்போது குழந்தைங்க கம்பளத்துல உக்காந்து அந்த பொம்மைகளை எடுத்து விளையாடுவாங்களாம்.

1938 மார்ச்சில் நாஜிக்கள் ஆஸ்திரியாவுக்குள்ள வந்தாங்க. மாளிகை, வங்கி, ஓவியங்கள், புத்தகங்கள் எல்லாம் பறிபோச்சு. எம்மி அதே வருஷம் செத்துப் போனாங்க. அன்னா யூதர் இல்லை. அதனால அந்த வீட்டு சாமானை எல்லாம் மூட்டை கட்டற வேலைக்கு அவளையே வச்சுக்கிட்டாங்க. அந்த அறை வழியா போகும்போதெல்லாம் மூணு நாலு பொம்மையா எடுத்து ஏப்ரன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போய் தன் மெத்தைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. யாரும் கவனிக்கலை, ஏன்னா வெள்ளிச் சாமானும் ஓவியமும் எண்றவனுக்கு இது கண்ணுலயே படலை. 1945 டிசம்பர்ல மகள் எலிசபெத் திரும்பி வந்து பார்த்தப்போ 264-ஐயும் எடுத்துக் கொடுத்தா. பாக்கெட் இல்லாததால பிறந்து, பாக்கெட் வந்ததால செத்த சாமான், கடைசில ஒரு பாக்கெட்டாலதான் பிழைச்சிருக்கு.

1947-ல எலிசபெத்தோட தம்பி இக்கி அதை டோக்கியோவுக்கே எடுத்துக்கிட்டுப் போனார். 1994-ல அவர் இறந்த பிறகு எலிசபெத்தின் பேரன் எட்மண்ட் டி வாலுக்கு வந்தது. மனுஷன் பானை வனையற கலைஞர். 2010-ல இந்தக் கதையை எழுதின புத்தகம் பயங்கர ஹிட். ஆனா அதுல எனக்கு ஒரு இடம் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. அன்னாவோட முழுப் பேர் என்னன்னு அவருக்கும் தெரியலை. பாரிஸ் வியாபாரி பேர் இருக்கு, தொப்பிக்காரர் பேர் இருக்கு, காப்பாத்தினவளோட பேர் பாதிதான் இருக்கு. 2018-ல அதுல 79 பொம்மைகளை ஏலம் விட்டு அகதிகளுக்கு உதவற அமைப்புக்குக் கொடுத்தாங்க. 157 பொம்மைகள் இரவலா வியன்னா யூத அருங்காட்சியகத்துக்குப் போச்சு.

இனி நம்ம எலி. இதெல்லாம் படிச்ச அப்புறம்தான் உறைச்சுது, தந்தத்தை நான் எப்படி ஊருக்கு எடுத்துட்டுப் போறது? சர்வதேச தந்த வணிகத்துக்கு 1989-ல எடுத்த முடிவுப்படி 1990-லிருந்து தடை. நம்ம நாட்டுல 1986-ல இந்தியத் தந்தத்துக்கும் 1991-ல ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவைச் சாத்தியாச்சு. பிரிட்டனில் 2022-லிருந்து பழசுன்னாலும் சுலபமா விக்க முடியாது, 1918-க்கு முந்தின, அதுவும் மிக உயர்ந்த கலை மதிப்புள்ளதுன்னு சான்று வாங்கணும். அமெரிக்கா 2016-ல இறுக்கிடுச்சு. சேகரிக்கறவங்க புலம்பறது நியாயம்தான், இருநூறு வருஷம் முன்னாடி செத்த யானைக்கு இப்போ என்ன பண்ண முடியும்? ஆனா புதுத் தந்தத்தைத் தேயிலைத் தண்ணியில ஊறவச்சு பழசுன்னு விக்கறவன் இருக்கற வரைக்கும் சட்டம் இப்படித்தான் இருக்க முடியும் என்பது என் கட்சி. ஆசையா இருந்தா மரத்துல செதுக்கினது வாங்குங்க. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துல இளவரசர் தாகமாதோ தம்பதி சேர்த்த நெட்சுகேக்கு தனி அறையே இருக்கு. நிறைய இந்தக் காலத்து சிற்பிகள் செதுக்கினது. மூணு மணி நேரம் போனதே தெரியல.

வேர்த்து விறுவிறுத்து ஒரு லென்ஸ் வாங்கிட்டு வந்து எலியைத் திருப்பிப் பார்த்தேன். யானைத் தந்தத்தைக் குறுக்கே வெட்டின பக்கத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போற வளைவுக் கோடுகள் தெரியணும். என் எலிக்கு ஒரு கோடும் இல்லை. வால் ஓரமா, தலையிலிருந்து அடி வரைக்கும், மெல்லிசா ஒரு தையல் கோடு மட்டும் இருந்துச்சு. அச்சுல வார்த்த பிளாஸ்டிக்!

4,000 யென் போனதுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாத்தான் இருப்பேன் :) இப்போ அது என் ஹெட்ஃபோன் பைக்கு நெட்சுகே. ஜீன்ஸ் பெல்ட்டுக்கு அடியில கயித்தை விட்டு தொங்க விட்டிருக்கேன். ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. பெல்ட் கொஞ்சம் லூசா இருந்தா நழுவுது, ஓபி மாதிரி இறுக்கிப் பிடிக்கலை.