ஆயர் ஈத்தாம் மண்பாண்டங்கள்

ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட் மாவட்டத்தின் ஆயர் ஈத்தாம் நகரிலும், அதற்குத் தெற்கே குளுவாங் மாவட்டத்து மாச்சாப்பிலும் செய்யப்படும் சுட்டமண் பொருள்கள். பூச்சாடி, தேநீர்க் கிண்ணம், விலங்கு வடிவ உண்டியல், தோட்டத்தில் வைக்கும் தவளை என வேடிக்கையும் பயனும் கலந்த வீட்டுப் பொருள்களுக்கு இவ்வட்டாரம் பேர்போனது. ஆனால் இங்குள்ள குயவர்களுக்கு முதலில் சோறு போட்டது, ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பாலைப் பிடிக்கும் கிண்ணமான மங்குதான்.

பால் வெட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400, 500 மரங்கள். மரத்துக்கு ஒரு மங்கு. உட்புறம் மெருகு பூசிச் சுட்டதால் உறைந்த பால் ஒட்டாமல் உரிந்து வரும், துடைக்கவும் சுலபம். உடைந்துகொண்டே இருந்ததால் தேவையும் குறையவில்லை. தமிழ்த் தொழிலாளர் கையில் அன்றாடம் புழங்கிய இந்தப் பாத்திரத்தைச் செய்தவர்களில் பலர், சீனாவின் தியோச்சியூ வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். தோட்ட வரலாறு எழுதுவோர் ரப்பர் விலையை விவரமாகச் சொல்வார்கள். மங்கு அவர்கள் கண்ணில் படுவது அபூர்வம்.

மாச்சாப்பில் ஆவ் எங் குவாங் நிறுவிய ஆவ் மண்பாண்டக் கூடமும் மங்கு செய்து வளர்ந்ததே. அங்குள்ள டிராகன் சூளை சரிவில் படுத்த நீண்ட செங்கல் சுரங்கம் போன்றது. அடிவாயில் மூட்டும் தீ மேல்நோக்கி ஏறும்; பக்கத் துளைகள் வழியே விறகைப் போட்டுக்கொண்டே போவார்கள். வெப்பம் 1200 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது, பறக்கும் சாம்பல் பாண்டத்தின் மேல் உருகித் தானாகவே மெருகாகும். தீயருகே இருந்த சாடி ஒரு நிறம், தள்ளி இருந்தது வேறு நிறம். ஒரே சூட்டில் வெந்த இரண்டு சாடிகள் ஒன்றுபோல் அமைவதில்லை.

பிளாஸ்டிக் கோப்பை வந்தது. பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை ஏறியது. மங்கு வியாபாரம் படுத்தபின் குயவர்கள் அலங்காரப் பொருள்களுக்குத் திரும்பினர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பேருந்துகள் ஆயர் ஈத்தாமில் நின்று போனதால், சாலையோரக் கடைகளுக்கு வாடிக்கையாளர் பஞ்சம் இருக்கவில்லை. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்ததும் அந்தக் கூட்டம் விலகிப் போயிற்று. கடைகளில் அச்சில் வார்த்த கேலிச்சித்திரப் பொம்மைகளும் கலந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு மலிவு ஒன்றே தகுதி.

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், வேடிக்கையும் பயனும் கலக்கும் இதே விளையாட்டு வேறு வழியில் நடக்கிறது. எட்வின் லோ 2011இல் தொடங்கிய சூப்பர்மாமா என்ற வடிவமைப்புக் கடை, அடுக்குமாடி வீடுகள் போன்ற உள்ளூர்க் காட்சிகளைப் பீங்கான் தட்டுகளில் நீல நிறத்தில் தீட்டியது; தட்டுகள் உருவானது ஜப்பானின் அரித்தாவில், கிஹாரா நிறுவனத்தில். அந்தத் தட்டுகளின் தொகுப்பு 2013இல் சிங்கப்பூர் அதிபர் வடிவமைப்பு விருதைப் பெற்றது. அங்கே வடிவமைப்பாளர் வரைய, சுடுபவர் கடல் கடந்து இருக்கிறார். மாச்சாப்பிலோ வடிவம் யோசிப்பதும் வனைவதும் சுடுவதும் ஒரே கூரையின் கீழ். நயத்தில் சூப்பர்மாமா முந்தலாம். மண்ணின் குணம் தெரிவது மாச்சாப் சாடியில்தான்.

வாங்குவோர் சாடியைத் தூக்கிப் பார்க்கலாம். பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் அது அச்சில் வார்த்தது. உட்சுவரில் விரல் வரிகள் சுழன்று ஏறினால் சக்கரத்தில் வனைந்தது. அதற்கு விலை கூடுதலாகக் கேட்பது நியாயமே.