பம்பாய்த் துறைமுகப் பெருவெடி: காப்பு நெறி நோக்கில் ஓர் ஆய்வு

வெடிமருந்துக் காப்பு நெறிகளுட் பல, பேரழிவுகளின் பின்னரே உறுதிபெற்றன. அத்தகைய அழிவுகளுள் ஒன்றாகிய பம்பாய்த் துறைமுக நிகழ்ச்சியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

போர்ட் ஸ்டிக்கீன் என்னும் கப்பல், 1944 பிப்ரவரி 24-இல் பிர்க்கன்ஹெட்டினின்று புறப்பட்டது. அதன்கண் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. கராச்சியில் பஞ்சுப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் ஏற்றப்பெற்றன. ஏப்ரல் 12-இல் அது பம்பாய் விக்டோரியா துறையை அடைந்தது. 14-ஆம் நாள் நண்பகலின் பின்னர்த் தீ காணப்பட்டது. எரியும் கப்பலைக் கடலுக்குள் இழுத்துச் செல்வதா, மூழ்கடிப்பதா என்னும் வினா எழுந்தும், ஏறத்தாழ இரண்டு மணிநேரம் முடிவின்றிக் கழிந்தது. நான்கு மணியளவில் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் மீண்டும் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவருள் தீயணைப்போர் 66 பேர்.

இதனை ஊழ்வினை எனக் கூறி அமைதல் பொருந்தாது. பஞ்சு எளிதிற் பற்றி உள்ளே கனலும் இயல்பினது. அதனை வெடிபொருளோடு சேர்த்தல் தகாது என்பது முன்பே அறியப்பட்ட உண்மை. போர்க்கால இடநெருக்கடியே அந்நெறியைப் புறந்தள்ளிற்று. ஆதலின் குறை அறிவின்கண் அன்று, அதனைக் கடைப்பிடித்தலின்கண் என்பது எம் துணிபு.

ஐக்கிய நாடுகளின் வகைப்பாடு இன்று வெடிபொருள்களை 13 இணக்கத் தொகுதிகளாகப் பகுக்கின்றது. எதனோடு எதனை வைக்கலாகாது என்பதே அதன் அடிப்படை. ஏப்ரல் 14 இந்தியாவில் தீயணைப்புப் பணி நாளாகப் போற்றப்படுகின்றது. மாண்ட வீரரை நினைதலோடு, அவர்தம் உயிரைக் கொண்ட நெறிப்பிழையையும் நினைதல் வேண்டும்.